கேமராவைக் கண்டு ஒதுங்கும் செல்லநாய்

வீட்டிலுள்ள எல்லோருடைய படங்களும் கைப்பேசியில் நூற்றுக்கணக்கில் சேர்ந்திருக்க, அந்த வீட்டு நாயின் முகம் மட்டும் ஒன்றிலும் தெளிவாக இராது. முதுகு இருக்கும், வால் இருக்கும், கட்டிலுக்கு அடியில் மின்னும் இரு கண்கள் இருக்கும். கேமராவை எடுத்த மாத்திரத்தில் எழுந்து போய்விடும் நாயை அருகிலிருந்து படமெடுக்க, விலையுயர்ந்த கருவியைவிட, அது எதற்கு அஞ்சுகிறது என்னும் தெளிவே முதலில் வேண்டும்.

இமைக்காமல் நேருக்கு நேர் உற்று நோக்குவதை நாய்கள் மிரட்டலாகக் கொள்கின்றன. லென்ஸோ இமையே இல்லாத பெரிய கண்ணைப் போன்றது. மேலும், நம் மனநிலையை நாய் நம் முகத்தைப் பார்த்து அறிகிறது. அந்த முகத்தைக் கேமரா மறைத்துவிடுகிறது. தெருவிலிருந்து எடுத்து வளர்க்கப்படும் நாட்டு நாய்களுக்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். ஒருவர் குனிந்து கையை உயர்த்தினால் அடுத்து வருவது கல் என்பதைத் தெருவில் வளர்ந்த நாய் நன்கு அறியும். படமெடுக்கும்போது நாமும் குனிகிறோம், கையில் ஒரு பொருளை உயர்த்துகிறோம், குறிபார்க்கிறோம். நாய் ஓடுவதில் வியப்பில்லை.

ஆகவே, முதல் சில நாள்கள் படமே எடுக்க வேண்டியதில்லை. எங்கள் வீட்டில் வளரும் கருநிற நாட்டு நாய் தெருவில் ஓராண்டைக் கழித்துவிட்டு வந்தது. அதன் உணவுத் தட்டுக்குச் சற்றுத் தள்ளிக் கைப்பேசியைத் தரையில் வைத்தோம். முதல் இரண்டு நாள் அது தட்டையே அணுகவில்லை. தட்டை மேலும் தள்ளி வைத்தோம். ஐந்தாம் நாள் கைப்பேசியை முகர்ந்து பார்த்தது. பின்னர்க் கைப்பேசியைக் கையில் எடுக்கும்போதெல்லாம், உப்பும் மசாலாவும் சேர்க்காமல் வேகவைத்த கோழித்துண்டு ஒன்றைக் கொடுத்தோம். மூன்றாம் வாரத்தில் கைப்பேசியைக் கண்டதும் அதுவே அருகில் வந்து அமர்ந்தது. முதல் படம் அதன் பிறகுதான்.

படமெடுக்கும் நாளில் நின்றுகொண்டு நாயின்மேல் கவிந்து நோக்குவதைத் தவிர்ப்போம். தரையில், சற்றுப் பக்கவாட்டாகத் திரும்பி அமர்வது நல்லது. கைப்பேசியை முகத்துக்கு நேரே பிடிக்காமல் மார்பளவில் பிடித்தால், நாயால் நம் முகத்தைக் காண முடியும். படமெடுக்கும் ஒலியை முன்னரே நிறுத்திவிட வேண்டும். மனிதச் செவி ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியையே கேட்கும். நாயின் செவியோ ஏறத்தாழ 45,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். நமக்குக் கேளாத நுண்ணொலியும் அதற்குக் கேட்கக்கூடும்.

அருகிலிருந்து எடுத்ததுபோன்ற படத்துக்கு நாம் அருகில் இருந்தாக வேண்டும் என்பதில்லை. கைப்பேசியில் 2 மடங்கு அல்லது 3 மடங்கு பெரிதாக்கும் தனி லென்ஸ் இருப்பின், ஒன்றரை மீட்டர் தொலைவிலிருந்தே முகத்தை நிறைவாக எடுக்கலாம். அகன்ற லென்ஸை மூக்கருகே கொண்டுசென்றால் நாய் அஞ்சுவதோடு, மூக்கும் பூதாகாரமாகத் தெரியும்.

ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். நாயின் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் ஒன்று உண்டு. ஃபிளாஷ் பட்டால் கண்கள் பச்சையாகவோ மஞ்சளாகவோ எரிவதுபோல் தெரிவது அதனால்தான். காலை வேளையில் சன்னலை நோக்கி நாய் படுத்திருக்கும் நேரமே சிறந்தது. நமக்கு அண்மையிலுள்ள கண்ணின்மீது குவியத்தை வைக்க வேண்டும். தனிக் கேமரா எனில், மூக்கும் கண்ணும் ஒருசேரத் தெளிவாகத் தெரிய எஃப் 5.6 அல்லது எஃப் 8 அளவுத் துளை உதவும்; நொடியில் 250-இல் ஒரு பங்கு அல்லது அதனினும் விரைவான வேகம் தலையசைவைத் தடுத்து நிறுத்தும். கருநிற நாயை எடுக்கும்போது கேமரா படத்தை வெளிறச் செய்யும். வெளிச்ச அளவைச் சிறிது குறைக்க வேண்டும். ராஜபாளையம் போன்ற வெண்ணிற நாய்க்குச் சிறிது கூட்ட வேண்டும்.

இத்தனையிலும் முதன்மையானது, எப்போது நிறுத்துவது என்பதே. உணவு இல்லாதபோதும் உதட்டை நக்குதல், தூக்கமின்றிக் கொட்டாவி விடுதல், தலையைத் திருப்பிக்கொள்ளுதல், காதுகளைப் பின்னே மடித்தல், விழியின் வெண்மை பிறைபோலத் தெரிதல் ஆகியவை நாய் 'போதும்' என்று சொல்லும் முறைகள். உடல் விறைத்தாலோ உறுமினாலோ உடனே விலக வேண்டும். உறுமியதற்காக அதட்டுவதும் கூடாது. அந்த எச்சரிக்கையை அடக்கப் பழகிய நாய், பின்னொரு நாள் எச்சரிக்காமலே கடித்துவிடலாம். நாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குழந்தைகள் தற்படம் எடுக்க விடாதிருப்பதும் இதனாலேயே.

அருகிலிருந்து எடுத்த தெளிவான படத்துக்கு வேறு பயனும் உண்டு. நாய் வளர்ப்பு உரிமம் வழங்கும் மாநகராட்சிகளில் விண்ணப்பத்துடன் நாயின் படமும் கேட்கப்படுவதுண்டு. பட்டாசு ஒலிக்கு மிரண்டு ஓடிய நாயைத் தேடும்போது, முகத்திலுள்ள மச்சமும் காதின் வெட்டுத் தழும்பும் தெரியும் படம் பேருதவியாகும். மூக்கின் மேற்பரப்பிலுள்ள வரிகள் நம் கைரேகைபோல நாய்க்கு நாய் வேறுபடுபவை. கனடா நாட்டுக் கென்னல் கிளப் 1938-இலேயே மூக்குரேகையை அடையாளச் சான்றாக ஏற்கத் தொடங்கியது. எனவே முகத்தின் இரு பக்கங்களையும், மூக்கையும், உடலின் தனிக்குறிகளையும் ஒவ்வொரு நாளும் ஒன்றாகப் பொறுமையுடன் எடுத்துத் தனியே சேமித்து வைப்போம்.

நாயின் ஆயுள் பெரும்பாலும் 10 முதல் 15 ஆண்டுகளே. ஆண்டுக்கு ஒருமுறை அதே சன்னலருகே ஒரு படம் எடுத்துவைத்தால், கருத்த முகவாய் மெல்ல நரைப்பதும் அதில் பதிவாகும். நாய் எழுந்து போக விரும்பும் நாளில் போகவிடுவோம். கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டு, கையிலிருக்கும் கோழித்துண்டை மட்டும் கொடுத்தால் போதும். படத்துக்கு நாளையும் சன்னலில் வெயில் வரும்.