படித்ததும் பார்ப்பதும்

மறைமலைநகர் இரயில் நிலையத்தில் காலை வேளையில் நின்றால், என்னிடம் பயின்ற மாணாக்கர் யாரேனும் எதிர்ப்படாமல் இருப்பதில்லை. அண்மையில் ஒருவர் வணங்கி நின்றார். இயற்பியலில் முதுகலைப் பட்டம் பெற்றவர். இங்குள்ள தொழிற்சாலை ஒன்றில் சரக்கிருப்புக் கணக்கு எழுதுகிறார். "ஐயா, என் தங்கை கணிதத்தில் எம்.எஸ்ஸி. சேர விரும்புகிறாள். சேர்க்கலாமா? நான் படித்த படிப்பு எனக்கு எதற்கு உதவியது?" என்று கேட்டார். வண்டி வந்துவிட்டமையால் அரைகுறையாகவே விடை கூறினேன். எஞ்சியதை நேயர்களிடம் கூறுகிறேன்.

சர் சி. வி. இராமன் 1907-ஆம் ஆண்டில் சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியலில் எம்.ஏ. தேறினார். அவ்வாண்டே அவருக்குக் கிடைத்த உத்தியோகம் கல்கத்தாவில், அரசாங்கக் கணக்குத் துறையில். ஆராய்ச்சியை நம்பி வாழ அக்காலத்தில் இந்நாட்டில் இடம் அரிது. பத்தாண்டுக் காலம் அவ்வேலையைப் பார்த்தார். அலுவலுக்கு முன்னும் பின்னும் இந்திய விஞ்ஞான வளர்ச்சிக் கழகத்தின் ஆய்வுக்கூடத்தில் உழைத்தார். 1917-இல் கல்கத்தாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் பதவியை, ஊதியம் குறைவு எனினும், ஏற்றார். 1910-இல் எவரேனும் கணக்கெடுத்து, "படிப்புக்கேற்ற பணியில் இருக்கின்றீரா?" என்று வினவியிருந்தால், இராமன் பெயர் 'இல்லை' என்னும் பத்தியிலேதான் ஏறியிருக்கும்.

ஆயினும் இராமனைக் காட்டி எல்லாரையும் தேற்றுவது நேர்மையாகாது. அவருக்கு ஓர் ஆய்வுக்கூடத்தின் கதவு திறந்திருந்தது. நம் பிள்ளைகளுக்கு? 2018-இல் நடந்த நான்காம் தொகுதித் தேர்வுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியே போதும். ஒன்பதாயிரத்துச் சொச்சம் இடங்களுக்கு இருபது இலட்சம் பேருக்கு மேல் விண்ணப்பித்தனர்; முதுகலையரும் முனைவர் பட்டத்தாரும் அவர்களுள் இருந்தனர். கல்லூரி ஆசிரியப் பணிக்கு ஏணியென்று பலர் நம்பிப் படித்த எம்.ஃபில். படிப்பையோ, பல்கலைக்கழக மானியக் குழு 2022-இல் நிறுத்திவிட்டது.

கல்லூரிகள் தம்மிடம் பயின்றோர் ஐந்தாண்டு கழித்து எங்கிருக்கின்றனர் என்பதைப் பாடவாரியாகச் சேர்க்கையின்போதே சொல்லவேண்டும். விளம்பரப் பலகையில் காண்பதோ வளாகத் தேர்வின் தொகை மட்டுமே. குறை சொல்ல எனக்கும் உரிமை குறைவுதான்: தலைமையாசிரியனாக இருந்த காலமெல்லாம் தேர்ச்சி விழுக்காட்டைச் சுவரில் எழுதுவித்தேன், தேறியவர் என்ன ஆனார் என்று ஒரு குறிப்பேடும் வைத்தேனில்லை.

அந்தத் தங்கை சேரட்டும். சேர்வதற்கு முன் அத்துறையில் படித்து முடித்த நால்வரை நேரிற் கண்டு, எத்தனை ஆண்டு காத்திருந்தனர், எதனால் பணி பெற்றனர் என்று கேட்கட்டும். பி.எட். பட்டமும் சேர்ந்தால் மேல்நிலைப் பள்ளிகளில் முதுகலை ஆசிரியர் தேர்வெழுதத் தகுதி உண்டு என்பதையும் அவள் அண்ணன் சொல்லிவைக்கட்டும்.