பின்சக்கரம் பிடிவிடுவது ஏன்?

வளைவில் விரைந்து செல்லும் ஸ்போர்ட்ஸ் காரின் பின்புறம் சில வேளைகளில் திடீரென்று வெளிப்பக்கம் வீசப்படும். வண்டி சுழன்று, வந்த திசையையே பார்த்து நின்றுவிடும். சாலை வெறுமையாக இருந்தால் உயிர் தப்பலாம். மரமோ எதிரே லாரியோ இருந்தால் அதுவுமில்லை. கண்டவர்கள் "மிஞ்சிய வேகம்" என்று ஒரே சொல்லில் காரணத்தை முடித்துவிடுவர். வேகம் ஒரு காரணந்தான். ஆனால், அதே வளைவில் அதே வேகத்தில் மற்றொரு கார் ஒழுங்காகச் சென்றது எப்படி என்னும் வினாவிற்கு அது விடையாகாது.

ஆங்கிலத்தில் இதனை ஓவர்ஸ்டியர் என்பர். ஓட்டுபவர் திருப்பிய அளவிற்கு மேல் வண்டி திரும்பிவிடுவதால் மிகைத்திருப்பம் எனலாம். வால்வீச்சு என்றாலும் தவறில்லை. எனக்கு அச்சொல்லே பிடித்திருக்கிறது.

டயர் சாலையைப் பற்றும் திறனுக்கு ஓர் எல்லை உண்டு. மாதச் சம்பளத்தைப் பல செலவுகளுக்குப் பங்கிடுவதுபோல், அத்திறனைத்தான் வண்டியை உந்துவதற்கும், வளைவில் பக்கவாட்டில் தாங்குவதற்கும் டயர் பங்கிட வேண்டியிருக்கிறது. ஒன்றிற்கு மிகுதியாகக் கொடுத்தால் மற்றதற்கு மிச்சமிராது. மேலும், டயரின்மீது அழுந்தும் எடை குறைந்தால் பற்றும் குறையும். ஆகவே, குறையைக் கண்டறிய விழைபவர் முதலில் கேட்கவேண்டியது, "என்ன வேகத்தில் சென்றீர்?" என்பதன்று, "வால் வீசிய கணத்தில் உம் வலக்கால் என்ன செய்துகொண்டிருந்தது?" என்பதே.

ஆக்சிலரேட்டரை அழுத்திக்கொண்டிருந்தது என்றால் விடை எளிது. பின்சக்கரங்களால் உந்தப்படும் வண்டியில் எஞ்சினின் ஆற்றல் டயரின் பற்றை விஞ்சிவிட்டது. ஒரு சக்கரம் மட்டும் வீணே சுழன்று வண்டி முன்னேறாமல் நின்றிருந்தால், டிபரன்சியலைப் பார்க்கவேண்டும்.

காலை எடுத்ததும் வீசிற்று என்றால் கதை வேறு. இதற்குப் பெயர்பெற்றது போர்ஷே 911. 1963-இல் பிராங்க்பர்ட் கண்காட்சியில் 901 என்னும் பெயரோடு வைக்கப்பட்டு, 1964-இல் உற்பத்திக்கு வந்த கார் இது. ஆறு சிலிண்டர் எஞ்சின் பின் அச்சிற்கும் பின்னால் அமர்ந்திருப்பதால், வண்டியின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்கு பின்சக்கரங்களின்மேல் நிற்கிறது. நேர்ச்சாலையில் புறப்படும்போது இது பெரும் நன்மை. வளைவின் நடுவில், வேகம் மிகுந்துவிட்டதே என்று அஞ்சிக் காலைச் சட்டென்று எடுத்தாலோ, எடை முன்னே சாய்கிறது. பின்டயரின் பற்று குறைகிறது. எஞ்சினும் அதே பின்சக்கரங்களைப் பிடித்து இழுக்கிறது. பின்கோடியிலுள்ள பளு, கயிற்றில் கட்டிய கல்லைப்போல் வெளியே வீசப்படுகிறது. அஞ்சியவுடன் காலை எடுப்பது மனித இயல்பு. அவ்வியல்பே இங்குப் பகையாயிற்று.

தொடக்கத்தில் சில வண்டிகளின் முன் பம்பருக்குள் இரு முனைகளிலும் 11 கிலோ எடையுள்ள இரும்புக் கட்டிகளை வைத்துப் பார்த்தனர். உண்மையான மருந்து 1969-ஆம் ஆண்டு மாடலில்தான் வந்தது. எஞ்சினை முன்னே நகர்த்தாமல் பின்சக்கரங்களைப் பின்னே நகர்த்தினர். அச்சுகளுக்கிடையேயுள்ள தூரம் 2211 மில்லிமீட்டரிலிருந்து 2268 ஆயிற்று. வெறும் 57 மில்லிமீட்டர்! 1977-இல் வெளிவந்த போர்ஷே 928-இல் இன்னும் நுட்பமான ஏற்பாடு செய்தனர். காலை எடுக்கும்போது பின்சக்கரத்தின் முன்விளிம்பு வெளிப்பக்கம் திரும்பாமல் உட்பக்கமே சாயுமாறு அதன் தாங்குகரங்களை அமைத்தனர். வைசாக் அச்சு என்பது அதன் பெயர்.

மூன்றாவது வகை, விரைவு நெடுஞ்சாலையில் காணப்படுவது. 1998-இல் விற்பனைக்கு வந்த ஆடி டிடி காரின் எஞ்சின் முன்னால் இருந்தது. எனவே 911-இன்மீது சாட்டிய குற்றத்தை அதன்மீது சாட்ட இயலாது. ஆயினும் ஜெர்மனியில் மிகுந்த வேகத்தில் திடீரெனத் தடம் மாற்றியபோதும், வளைந்தபோதும் அக்கார்கள் நிலைதவறின; உயிர்களும் போயின. பலரும் வியந்த அதன் உருண்டையான பின்புறத்தின்மேல் வழியும் காற்று, வண்டியின் வாலை மேலே தூக்கிற்று. 1999-இன் இறுதியிலிருந்து அந்நிறுவனம் பின்புறத்தில் காற்றுத்தடுப்புத் தகட்டைப் பொருத்தி, சஸ்பென்ஷனைத் திருத்தி, மின்னணு நிலைகாப்பையும் சேர்த்தது. ஏற்கெனவே விற்ற வண்டிகளையும் திரும்ப அழைத்தது. ஓட்டியவர்களைக் குறைகூறி வாளாவிருந்திருந்தால் இன்னும் எத்தனை பேர் மாண்டிருப்பரோ!

இவையெல்லாம் வடிவமைப்பின் குறைகள். நேற்றுவரை நன்றாக ஓடிய கார் இன்று வால் வீசினால் பெரிய காரணங்களைத் தேடுமுன் டயரைப் பார்க்கவேண்டும். அதன் பக்கத்தில் பொறித்த எண்ணின் இறுதி நான்கு இலக்கங்கள் பிறந்த வாரத்தையும் ஆண்டையும் காட்டும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். பள்ளம் ஆழமாகத் தோன்றினும் முதிர்ந்த ரப்பர் இறுகிப் பற்றிழந்திருக்கும். உள்விளிம்பு மட்டும் தேய்ந்திருந்தால் சக்கரக் கோணம் பிசகியிருக்கக்கூடும். கோணத்தைத் திருத்தியும் நில்லாவிடில், தாங்குகரங்களின் ரப்பர் புஷ்கள் நைந்தனவா என்று சோதிக்கவேண்டும்.

முன்னும் பின்னும் ஒரே அளவு டயர் கொண்ட வண்டிக்கு இரண்டு மட்டும் புதிதாக வாங்குவோர், ஸ்டியரிங் முன்னால்தானே இருக்கிறது என்று அவற்றை முன்னே மாட்டச் சொல்வதுண்டு. பின்னே மாட்டுவதே முறை. முன்டயர் வழுக்கினால் வண்டி நேரே போகப் பார்க்கும். காலை எடுத்தால் பெரும்பாலும் வழிக்கு வந்துவிடும். பின்டயர் வழுக்கும்போது காலை எடுத்தால் வண்டி சுழலும்.