காற்றை வரைவது எப்படி?

பாறை உச்சியில் கைத்தடியோடு ஒருவர், நமக்கு முதுகைக் காட்டி நிற்கிறார். கீழே பள்ளத்தாக்கு முழுக்க மூடுபனி. அதைக் கிழித்துக்கொண்டு ஆங்காங்கே பாறை முகடுகள். தொலைவில் வெளிர்நீல மலைகள். ஜெர்மானிய ஓவியர் காஸ்பர் டேவிட் ஃபிரீட்ரிஷ் 1818 வாக்கில் எண்ணெய் வண்ணத்தில் வரைந்த படம் இது. இப்போது ஹாம்பர்க் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இயற்கையின் பிரம்மாண்டத்தின் முன் மனிதர் மலைத்து நிற்பதை வரைந்த இவரைப் போன்றவர்களை ‘ரொமான்டிக்’ ஓவியர்கள் என்பார்கள்.

இப்படியே ஓர் இடத்தைத் தேடிப் போனால் கிடைக்காது. டிரெஸ்டன் அருகே எல்பா ஆற்றங்கரை மணற்கல் மலைகளில் அலைந்து, பாறை பாறையாகப் பென்சிலில் வரைந்து வந்து, வீட்டில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சேர்த்துவிட்டார். அப்படியும் நம் கண் நம்பிவிடுகிறதே, ஏன்? மலைகளுக்கு நடுவில் இருக்கும் காற்றைச் சரியாக வரைந்திருக்கிறார்!

மரம் அடர்ந்த மலை பச்சைதான். ஆனால் அது பத்துப் பதினைந்து கிலோமீட்டர் தள்ளி இருந்தால் நீலமாகத் தெரியும். வெயில் காற்றின் மூலக்கூறுகளில் பட்டுச் சிதறுகிறது. நீல ஒளி, சிவப்பு ஒளியைவிட ஏறக்குறைய 4 மடங்கு அதிகமாகச் சிதறும். அந்த நீலம் மலைக்கும் நமக்கும் இடையிலுள்ள வெளியெங்கும் பரவி, மலையின் நிறத்தின் மேல் கலந்துவிடுகிறது. தூரம் கூடக் கூட மலையின் சொந்த நிறம் மங்கும்.

பனி மூடிய சிகரம் மட்டும் வேறு மாதிரி. வெண்பனியிலிருந்து வரும் ஒளி வழியிலேயே தன் நீலத்தைக் கொஞ்சம் இழந்துவிடும். அதனால் வெகுதூரத்துப் பனி லேசாக மஞ்சள் தட்டித் தெரியும். வெறும் வெள்ளையைப் பூசினால் அந்தச் சிகரம் முன்னால் துருத்திக்கொண்டு நிற்கும். வெள்ளையில் துளி மஞ்சள் சேர்க்க வேண்டும். மூடுபனிக்கோ இந்தக் கணக்கே இல்லை. அதன் நீர்த்துளிகள் பெரியவை. எல்லா நிறங்களையும் ஒரே மாதிரி சிதறடிப்பதால் அது வெள்ளையாகவே தெரிகிறது.

சரி, தூரிகையை எடுக்கலாம். வானத்தில் தொடங்கி, கடைசி மலை, அதற்கு முந்தைய மலை என்று முன்னோக்கி வாருங்கள். கடைசி மலைக்கு நீலமும் நிறைய வெள்ளையும். முன்னே வர வர வெள்ளையைக் குறைத்து, பச்சையையும் பழுப்பையும் கூட்டுங்கள். அடர்ந்த கறுப்பை முன்னிருக்கும் பாறைக்கே மிச்சம் வையுங்கள். கடைசி மலையில் மரம் மரமாக வரைய ஆசை வரும், வேண்டாம், விட்டுவிடுங்கள்!

வரைந்த எண்ணெய் வண்ணம் காய்வதே ஒரு வேதியியல் பாடம். தண்ணீர் வண்ணத்தில் நீர் ஆவியாகிப் போகும். எண்ணெய் வண்ணத்தில் இருக்கும் ஆளிவிதை எண்ணெய் அப்படி ஆவியாவதில்லை. காற்றிலிருந்து ஆக்சிஜனை இழுத்துக்கொள்கிறது. அதன் மூலக்கூறுகள் விரலோடு விரல் கோத்ததுபோல் பிணைந்து கெட்டியாகின்றன. காயும்போது முதலில் அதன் எடை கொஞ்சம் கூடவும் செய்யும்! எண்ணெய் அதிகமான பூச்சு மெதுவாகத்தான் காயும். அதை அடியில் பூசி, சீக்கிரம் காயும் பூச்சை மேலே பூசினால், அடியில் இருப்பது இன்னும் அசைந்துகொண்டிருக்க, மேலே உள்ளது விறைத்து வெடித்துவிடும். ஆகவே எண்ணெய் குறைந்த பூச்சு அடியில், மிகுந்தது மேலே.

ஆக்சிஜனோடு சேரும்போது வெப்பமும் பிறக்கிறது. கித்தானில் அது உடனே பரவிப் போய்விடும். தூரிகை துடைத்த எண்ணெய்த் துணியைச் சுருட்டி மூலையில் எறிந்தாலோ, வெப்பம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே ஏறி, நெருப்பில்லாமலே துணி தீப்பிடிக்கக்கூடும். அதனால் அந்தத் துணியைத் தண்ணீர் நிரம்பிய, மூடியுள்ள தகர டப்பாவில் போடச் சொல்லிப் பெரியவர்களிடம் கொடுத்துவிடுங்கள்.