மூக்கு மட்டும் தெரியும்

போன விடுமுறையில் அக்கா மகனைப் புதுக்கோட்டை மாவட்டத்து மணமேல்குடிக் கடற்கரைக்கு அழைத்துப் போயிருந்தேன். முதல் நாள் இரவு முழுக்க அவன் என் போனில் ஓர்கா திமிங்கிலப் படங்கள் பார்த்திருந்தான். அமெரிக்காவின் வடமேற்கு மூலையில் சான் ஹுவான் என்று ஒரு தீவு இருக்கிறது. அங்கே கரைப் பாறையில் உட்கார்ந்தபடியே ஓர்காவைப் பார்க்கலாம், படகுகூட வேண்டாம். ஆண் ஓர்காவின் முதுகுத் துடுப்பு மட்டுமே ஆறடி உயரம் வரை வளரும். கறுப்புப் போர்வை போர்த்திய ஆள் ஒருவர் கடல்மேல் நடந்து போவதுபோல இருக்கும்.

“நம்ம கடல்ல இப்படி ஒண்ணும் இல்லையா மாமா?”

“இருக்கு. ஆனா அதுக்கு முதுகுத் துடுப்பே கிடையாது. மூக்கு மட்டும்தான் தெரியும்.”

அவன் முகம் சுருங்கிவிட்டது. ஆறடித் துடுப்பைப் பார்த்தவனிடம் மூக்கைப் பற்றிச் சொன்னால் எப்படி?

மணமேல்குடியில் பெரிய அலை கிடையாது. பாக் நீரிணைக் கடல் ஆழம் குறைந்தது. வெகுதூரம் நடந்தாலும் முழங்கால் தண்ணீர்தான். கரை ஓரத்தில் பழுப்பு நிறத்தில் சருகுபோல ஏதோ ஒதுங்கிக் கிடந்தது. பையன் காலால் தள்ளினான். “குப்பை” என்றான்.

குப்பை இல்லை, கடற்புல். ஒரு இலையை எடுத்து வெயிலுக்கு எதிரே பிடித்தால் நீளவாட்டில் நரம்புகள் ஓடுவது தெரியும். பாசி வேறு, இது வேறு. பாசிக்கு உண்மையான வேர் கிடையாது, பூவும் கிடையாது. கடற்புல்லுக்கு வேர் உண்டு, தண்டு உண்டு, கடலுக்கு அடியிலேயே பூத்துக் காய்க்கும். வயலில் இருக்கிற செடி ஒன்று கடலுக்குள் குடிபோனதாக நினைத்துக்கொள்ளுங்கள். கடலுக்கடியில் இந்தப் புல்வெளி இருப்பதால்தான் இறால் குஞ்சும் நண்டுக் குஞ்சும் ஒளிந்து வளர முடிகிறது. இதை மேய்கிற விலங்கைத்தான் நான் மூக்கு என்றேன். நம் கரையோர மக்கள் அதை ஆவுளியா என்பார்கள். பாடப் புத்தகத்தில் கடல் பசு என்று இருக்கும்.

பசு என்றாலும் மாட்டுக்கு அது சொந்தமில்லை. நெருங்கிய உறவு யானைதான்! யானைக்கு முன்னங்கால்களுக்கு இடையே மடி இருப்பதுபோல, ஆவுளியாவுக்கும் முன் துடுப்புகளின் அக்குளுக்கு அருகே பால்காம்பு. வளர்ந்த ஆவுளியா பத்தடி நீளம். எடை முந்நூறு நானூறு கிலோ. ஒரு நாளைக்கு முப்பது நாற்பது கிலோ புல் மேயும். அது மேய்கிற விதம் அழகு. மேலுதடு தடித்துக் கீழ்நோக்கி வளைந்து, நிறைய முள்மயிர்களோடு இருக்கும். அந்த உதட்டை மணலில் அழுத்திப் புல்லை வேரோடு பெயர்த்துக்கொண்டே முன்னால் நகரும். அது போன பிறகு புல்வெளியில் ஏர் உழுததுபோல ஒரு தடம் கிடக்கும், ஏறக்குறைய ஒரு சாண் அகலத்தில். ஆவுளியாவைக் காண முடியாத இடத்தில் ஆராய்ச்சியாளர்கள் தேடுவது அந்தத் தடத்தைத்தான்.

படகு நிழலில் ஒரு பெரியவர் வலை பொத்திக்கொண்டிருந்தார். பையன் நேராக அவரிடம் போய்விட்டான்.

“தாத்தா, நீங்க ஆவுளியா பாத்திருக்கீங்களா?”

“பாத்திருக்கேன்டா. வெள்ளென போறப்ப, கடல் எண்ணெய் மாதிரி கெடக்கும்ல, அப்ப புஸ்ஸுனு ஒரு சத்தம். திரும்பிப் பாத்தா மூக்கு. நீ நாலு எண்ணுறதுக்குள்ள காணாது.”

“வலையில மாட்டுமா?”

“மாட்டும். அதான் பாவம்.” கொஞ்ச நேரம் ஊசியை ஓட்டிக்கொண்டிருந்தார். “மாட்டினா வலைய அறுத்து விட்டுடணும். வலை போனாப் போவுது.”

திரும்பி வரும்போது பையன் கேட்டான். “தண்ணிக்குள்ள இருக்கிறது வலையில மாட்டினா ஏன் சாவணும்? மீன் மாதிரிதானே?”

நல்ல கேள்வி. மூச்சை அடக்கு பார்க்கலாம் என்றேன். கன்னத்தை உப்பிக்கொண்டு நின்றான். முப்பத்தெட்டு எண்ணுவதற்குள் ‘பூ’ என்று விட்டுவிட்டான். ஆவுளியாவுக்கும் செவுள் கிடையாது, நம்மைப்போல நுரையீரல்தான். சில நிமிடங்களுக்கு ஒருமுறை மேலே வந்து மூச்சு வாங்கியே ஆகவேண்டும். அதனால்தான் மூக்கு முகத்தின் மேல்பக்கத்தில் இருக்கிறது. முழுகும்போது நாசித் துவாரங்களை மூடிபோட்டதுபோல அடைத்துக்கொள்ளும். எலும்புகளும் நல்ல கனம். அடியில் நின்று மேய அந்தக் கனம் உதவுகிறது. ஆனால் வலை பிடித்துக்கொண்டால் மேலே வர முடியாது. கடலிலேயே பிறந்து வளர்ந்த விலங்கு கடல் தண்ணீரிலேயே மூச்சுமுட்டிச் செத்துப்போகும்.

வலை ஒன்றுதான் ஆபத்து என்றும் நினைக்க வேண்டாம். விசைப்படகின் இழுவைமடி தரையை வாரிக்கொண்டு போனால் புல் பெயர்ந்துவிடும். சேறு கிளம்பி, மிச்சப் புல்லுக்கும் வெயில் கிடைக்காது. புல் போனால் ஆவுளியாவும் போகும். சான் ஹுவான் பக்கத்து ஓர்காக்களுக்கும் இதே கதை. அவை சினூக் சால்மன் என்ற மீனை நம்பி வாழ்கின்றன. மீன் குறைந்தது, ஓர்காக்களும் எண்பதுக்குக் கீழே வந்துவிட்டன. 2018இல் அங்கே ஒரு தாய் ஓர்கா, பிறந்தவுடனே இறந்துபோன குட்டியைப் பதினேழு நாள் தலையால் தாங்கித் தள்ளிக்கொண்டே நீந்தியது. எத்தனையோ பேர் அதற்காக அழுதார்கள். ஆவுளியாவின் துக்கம் கரைக்குத் தெரிவதில்லை.

குட்டிக் கணக்கையும் பாருங்கள். ஆவுளியா எழுபது வருடம்வரை வாழும். ஆனால் ஒரு குட்டி வயிற்றில் இருப்பதே பதின்மூன்று மாதத்துக்கு மேல். அடுத்த குட்டிக்கு மூன்று முதல் ஏழு வருடம். ஒரு குட்டி பிறக்கும்போது நீங்கள் மூன்றாம் வகுப்பு என்றால், அதற்குத் தம்பியோ தங்கையோ பிறப்பதற்குள் எட்டாம் வகுப்புக்கே போய்விடலாம். வருடத்துக்கு நாலைந்து வலையில் போனால்கூட அந்த நஷ்டத்தை ஈடுகட்ட வெகுகாலம் ஆகும். இதன் உறவான ஸ்டெல்லர் கடல் பசு, வட பசிபிக்கின் குளிர்க் கடலில் இருந்தது. 1741இல்தான் அறிவியலாளர் கண்ணில் பட்டது. வேட்டையாடியே 1768க்குள் தீர்த்துவிட்டார்கள். இருபத்தேழே வருடம்!

நம் ஊரிலும் ஒரு காலத்தில் ஆவுளியாக் கறி விற்றார்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தில் புலிக்கு இருக்கிற அதே உயர்ந்த பாதுகாப்பு இப்போது இதற்கும் உண்டு. 2022 செப்டம்பரில் தமிழக அரசு தஞ்சாவூர் மாவட்டத்து அதிராம்பட்டினம் தொடங்கி நம் புதுக்கோட்டை மாவட்டத்து அம்மாபட்டினம் வரை சுமார் 448 சதுர கிலோமீட்டர் கடலைக் கடல் பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. இந்தியாவிலேயே இதுதான் முதலாவது. நாடு முழுக்க அப்போது சொன்ன கணக்கு ஏறக்குறைய 240. பெரும்பாலானவை நம் தமிழகக் கடலில்தான். மணமேல்குடி இருக்கிற கரை இது. என்னைக் கேட்டால், ஊர்ப் பெருமையாக நார்த்தாமலையையும் சித்தன்னவாசலையும் சொல்கிற அதே மூச்சில் புதுக்கோட்டைக்காரர்கள் இதையும் சொல்லவேண்டும். ஏனோ யாரும் சொல்வதில்லை.

அன்றைக்கு நாங்கள் ஆவுளியாவைப் பார்க்கவில்லை. பேருந்தில் வரும்போது பையன் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து மறுபடியும் மூச்சை அடக்கினான். இந்த முறை நாற்பத்தொன்று. சட்டைப் பையில் ஒரு கடற்புல் இலை ஒட்டிக்கொண்டிருந்தது.