உங்களுக்குத் தெரியுமா? மல்யுத்த மேடையின் ரகசிய பாஷை

★ அமெரிக்கத் தொழில்முறை மல்யுத்தத்தில் நல்லவன் 'பேபிஃபேஸ்', வில்லன் 'ஹீல்'. மெக்சிகோவிலோ நல்லவன் 'டெக்னிகோ', வில்லன் 'ரூடோ'.

★ யார் ஜெயிப்பது என்று பேசிவைத்துப் போடும் சண்டை 'வொர்க்'. நிஜமாகவே மோதிக்கொண்டால் 'ஷூட்'. எல்லாவற்றையும் உண்மையென்று நம்பும் ரசிகர் 'மார்க்'. ஊர் ஊராகக் கூடாரம் போட்ட அமெரிக்கக் கண்காட்சிக்காரர்கள் ஏமாளிகளுக்கு வைத்த பெயர் அது. மல்யுத்த வீரர்கள் படம் போட்ட டிரம்ப் கார்டைக் கையில் வைத்துக்கொண்டு 'அண்டர்டேக்கருக்கு ஏழு உயிர்' என்று சத்தியம் செய்த நாமெல்லாம் அந்தக் கணக்கில்தான் வருவோம்.

★ குத்துவதுபோல் பாவனை செய்யும்போது கை தவறி நிஜமாகவே பட்டுவிட்டால் அது 'பொட்டேட்டோ'. வாங்கியவர் திருப்பிக் கொடுத்தால்? 'ரிசீட்'. ரசீதேதான்!

★ மணிக்கட்டு டேப்பில் ஒளித்துவைத்த பிளேடுத் துண்டால் தன் நெற்றியைத் தானே கீறிக்கொள்வது 'பிளேடிங்'. நம் ஊர் பிளேடு எவ்வளவோ மேல், காதோடு போய்விடும். 1992இல் ஜப்பானின் கிரேட் மூடா ஒரு சண்டையில் கொட்டிய ரத்தத்தைப் பார்த்து மிரண்ட ரசிகர்கள், ரத்தத்தை அளக்க 'மூடா ஸ்கேல்' என்று ஓர் அளவுகோலையே உண்டாக்கிவிட்டார்கள்.

★ இந்த நாடகத்தை வெளியிலும் கட்டிக்காப்பதற்குப் பெயர் 'கேஃபேப்'. மேடையில் பகைவர்கள் என்றால் தெருவிலும் பகைவர்கள்தான். 1987இல் நியூ ஜெர்சியில் போலீஸ் ஒரு காரை நிறுத்தியது. உள்ளே போதைப்பொருள், கூடவே, மேடையில் பரம எதிரிகளான அயர்ன் ஷீக்கும் ஜிம் டகனும்! இருவருக்கும் வேலை போயிற்று. ஒரே காரில் போனதுதான் பெரிய குற்றமாகப் பேசப்பட்டது.

★ இரண்டே வருடத்தில் முதலாளிகளே கேஃபேப்பை உடைத்தார்கள். விளையாட்டுத் துறையின் கட்டுப்பாடுகளிலிருந்து தப்பிக்க, 'எங்களுடையது போட்டியல்ல, கேளிக்கை' என்று 1989இல் நியூ ஜெர்சி மாநில செனட்டிடம் சொன்னது டபிள்யூ.டபிள்யூ.எஃப். (இன்றைய டபிள்யூ.டபிள்யூ.இ.).

★ வீரர்கள் உடைத்தால் மட்டும் தண்டனை! 1996 மே 19, மேடிசன் ஸ்கொயர் கார்டன். போட்டி நிறுவனத்துக்குப் போகவிருந்த கெவின் நாஷ், ஸ்காட் ஹால் இருவரையும் ஷான் மைக்கேல்ஸும் டிரிபிள் எச்சும், கதைப்படியான பகையை மறந்து, மேடையிலேயே கட்டிப்பிடித்து வழியனுப்பினார்கள். நாஷும் ஹாலும் கிளம்புகிறவர்கள், மைக்கேல்ஸ் சாம்பியன். மாட்டியவர் டிரிபிள் எச்தான். அவருக்கென்று பேசிவைத்திருந்த 'கிங் ஆஃப் தி ரிங்' பட்டம் ஸ்டீவ் ஆஸ்டினுக்குப் போனது. அதே டிரிபிள் எச்தான் இன்று டபிள்யூ.டபிள்யூ.இ.யில் கதைகளை முடிவு செய்யும் பெரிய தலை.