கண்ணை மூடிக்கொண்டு ரூபாயை எண்ண முடியுமா?

1976-ல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய கண் மருத்துவமனை எது தெரியுமா? அரவிந்த்! தொடங்கியவர் டாக்டர் வெங்கடசாமி. அப்போது அவர் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற 58 வயதுக்காரர்!

அதைவிட ஆச்சரியம் அவருடைய விரல்கள்! இளமையிலேயே முடக்குவாதம் தாக்கிக் கோணிப்போனவை. பேனா பிடிப்பதே பெரும்பாடு. அந்த விரல்களைக் கத்தி பிடிக்கப் பழக்கினாரே, அந்த மனுஷர் வாழ்நாளில் எத்தனை கண் ஆபரேஷன் செய்தார் தெரியுமா? ஒரு லட்சத்துக்கும் மேல்! எழுதும்போதே உடம்பு சிலிர்க்கிறது.

கண்புரை எடுத்ததும் உள்ளே ஒரு குட்டி லென்ஸ் வைக்கிறார்களே, அந்த யோசனை எங்கே பிறந்தது? போர் விமானத்தில்! இரண்டாம் உலகப் போரில் விமானிகளின் கண்ணில் பாய்ந்த பிளாஸ்டிக் சில்லுகள், கண்ணைக் கெடுக்காமல் சும்மா கிடந்தன. அதைக் கவனித்த கண் மருத்துவர் ஹெரால்டு ரிட்லி, 1949-ல் லண்டனில் அதே வகை பிளாஸ்டிக்கில் லென்ஸ் செய்து வைத்தேவிட்டார்! ஏழைக்கு எட்டாத விலையில் இருந்த அந்த லென்ஸை, 1992 முதல் மதுரையிலேயே மலிவாகச் செய்கிறது அரவிந்தின் ஆரோலேப்!

கண் தானத்தில் எடுத்துப் பொருத்துகிறார்களே, அந்தக் கருவிழிக்கு (கார்னியா) ரத்தக் குழாயே கிடையாது, தெரியுமா? ஆக்சிஜனைக் காற்றிலிருந்தே வாங்கிக்கொள்கிறது!

கண்ணாடி போட்டவர், சர்க்கரை நோயாளி, புரை ஆபரேஷன் ஆன தாத்தா... இவர்களெல்லாம் கண் தானம் செய்யலாமா? தாராளமாக! ஒருவர் தந்தால் இரண்டு பேருக்குப் பார்வை! ஆனால் இறந்த 6 மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். அதுவரை இமையை மூடி, மேலே ஈரப் பஞ்சு வைத்து, மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். துக்க வீட்டில் இதை நினைவுபடுத்த ஒரே ஒருவர் இருந்தால் போதும்!

பார்வையற்றோர் விரலால் தடவிப் படிக்கும் பிரெயில் எழுத்தைக் கண்டுபிடித்தபோது லூயி பிரெயிலுக்கு வயது என்ன? வெறும் 15! ஆறே புள்ளிகள்தான். ஆனால் அவற்றை மாற்றி மாற்றி வைத்தால் 63 வடிவங்கள்! தமிழும் அதில் அடக்கம்!

மெட்ரோ நிலையத்தில் மஞ்சள் தரைக்கல் பார்த்திருக்கிறீர்களா? அழகுக்கு இல்லை, பார்வையற்றோருக்கு வழிகாட்ட! நீளக் கோடு என்றால் நடக்கலாம், புள்ளி என்றால் நிற்க வேண்டும். ஜப்பானின் ஒகாயாமா நகரில் 1967-ல் முதன்முதலாகப் பதித்தார்கள். அதன்மேல் மூட்டை வைக்காதீர்கள்!

சரி, உங்கள் பையில் புது 100 ரூபாய்த் தாள் இருக்கிறதா? ஓரத்தில் 4 சாய்கோடுகள், ஒரு முக்கோணம். 500-ல்? 5 கோடுகள், ஒரு வட்டம்! எல்லாமே விரலுக்குத் தட்டுப்படும்படி மேடாக அச்சடித்தவை. கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பாருங்களேன்!