விடியலில் எழ மறுக்கும் கால்கள்

இரவு திருமண வரவேற்பில் பிரியாணியும் இனிப்பும் வயிறார உண்டு, கோவிலம்பாக்கத்திலுள்ள வீட்டுக்குத் திரும்பி உறங்கிய இளைஞர் ஒருவர் விடியலில் கண் விழிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கால்கள் அசையவில்லை. பேச்சும் நினைவும் தெளிவாக உள்ளன. தொட்டால் உணர்ச்சியும் தெரிகிறது. வீட்டார் பக்கவாதம் என அஞ்சுகின்றனர். நண்பகலில் அவர் எழுந்து நடந்துவிட்டாலோ, அதே வீட்டார் நடிப்பு என்கின்றனர். இது நடிப்பன்று, பொட்டாசியக் குறைவால் விட்டுவிட்டு வரும் தசைச் செயலிழப்பாக இருக்கலாம்.

இரத்தத்தில் லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல் வரை பொட்டாசியம் இருப்பது இயல்பு. மரபுவழி வரும் இந்நோயில் அது உடலைவிட்டு வெளியேறுவதில்லை. தசைச் செல்களுக்குள் புகுந்துகொள்கிறது. மாவுச்சத்து மிகுந்த உணவு இன்சுலினைப் பெருக்க, இன்சுலின் பொட்டாசியத்தை உள்ளே தள்ளுகிறது. கடும் உழைப்பிற்குப் பின் கொள்ளும் ஓய்வும் இதைத் தூண்டும். எல்லோருக்கும் நிகழும் இவ்விடப்பெயர்ச்சி சிலரை மட்டும் முடக்குவதற்குக் காரணம், தசைச் செல்லின் உறையிலுள்ள வாயில்களில் பிறவியிலேயே அமைந்த பிழை. அதற்குரிய மரபணு ஒன்று 1994ஆம் ஆண்டில் இனங்காணப்பட்டது.

சோர்வென்றால் ‘ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றுங்கள்’ எனக் கேட்பது நம் ஊர் வழக்கம். இந்நோயில் அதுவே தளர்ச்சியை மிகுவிக்கக்கூடும். ஆகவே முன்பும் இவ்வாறு நேர்ந்ததுண்டு என்பதை அவசரப் பிரிவில் முதலிலேயே கூறுங்கள். தாக்குதல் நீடிக்கும்போதே இரத்தமும் ஈ.சி.ஜி.யும் பார்க்கப்பட வேண்டும். தெளிந்தபின் எடுத்தால் அளவு இயல்பாகவே இருக்கும். அன்றைய அறிக்கையைப் பத்திரப்படுத்துங்கள். பொட்டாசியத்தையும் அளந்தே தருகிறோம். செல்லுக்குள் புகுந்தது திரும்பி வருகையில் அளவு மிகுந்து இதயத்துடிப்பைக் குலைக்கலாம். இருநூறடிச் சாலையோரத்து இளநீரில் பொட்டாசியம் உண்டுதான். ஆயினும் அது சிகிச்சைக்கு ஈடாகாது, சிறுநீரக நோயாளிகளுக்குத் தீங்காகவும் முடியும்.

தைராய்டு மிகையாகச் சுரந்தாலும் இதே தோற்றம் உண்டாகும். ஆசிய ஆண்களிடம் இது கூடுதலாகக் காணப்படுகிறது. தைராய்டைச் சரிசெய்தால் தாக்குதல்களும் நின்றுவிடும். கிட்டல்மன் நோய்க்குறியில் பொட்டாசியம் உண்மையாகவே சிறுநீரில் கழிந்துவிடுகிறது. தைராய்டு, சிறுநீர்ப் பரிசோதனைகளை நாங்கள் வலியுறுத்துவது இதனாலேயே.

பெற்றோரில் ஒருவருக்கு மரபுப் பிழை இருப்பின், பிள்ளை ஒவ்வொருவருக்கும் அது வருவதற்கான வாய்ப்பு இரண்டில் ஒன்று. பெண்களிடம் அறிகுறியே இல்லாமலும் இருக்கலாம். வாயு பிடித்துப் படுத்துவிட்டார் என்று வீட்டில் பேசப்படும் தாய்மாமனைப் பற்றியும் மருத்துவரிடம் சொல்லுங்கள். அறுவை சிகிச்சை எதுவாயினும் மயக்க மருத்துவருக்கு இதனை முன்கூட்டியே தெரிவியுங்கள். மூச்சுவிடவோ விழுங்கவோ இடர்ப்பட்டால், தானே தெளியும் எனக் காத்திராமல் 108ஐ அழையுங்கள்.